கோச்சியின் ஊருக்கு

இணுவிலில் அம்மம்மா வீட்டுச் சுவரில் மணிக்கூடு ஒன்று தொங்கியது. ஆனால் அம்மம்மா அதைப் பார்த்து நேரம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவவுக்கு நேரம் சொன்னது கோச்சி. கொழும்பிலிருந்து இரவு முழுக்க ஓடி வரும் ரயில் விடியற்காலையில் கூவிக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் போகும்போது, "மெயில் கோச்சி போட்டுது, எழும்பு" என்று எங்களை உலுப்புவா. ரயிலை அவ ஒருநாளும் ரயில் என்று சொன்னதில்லை. நிலையத்துப் பலகையில் 'புகையிரத நிலையம்' என்று எழுதியிருக்கும். ஊரார் வாயில் அது கோச்சி ஸ்டேசன். தண்டவாளத்தில் விளையாடப் போனால் "கோச்சிப் பாதைக்குப் போகாதை" என்று ஏச்சு விழும். கிணறு, வேலி, பனை மாதிரி கோச்சியும் எங்கள் சொல் என்றே நினைத்து வளர்ந்தேன்.

அந்தச் சொல்லுக்கு ஒரு சொந்த ஊர் உண்டு என்பதும், அது ஹங்கேரியில் சோளக் காணிகளுக்கு நடுவே இருக்கிறது என்பதும் வயது போன பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்த நாளிலிருந்து அந்த ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சுவிசில் வளர்ந்த என் பெறாமகள், "வாங்கோ பெரியப்பா, வியன்னாவுக்குப் போய் அங்கயிருந்து போவம். ஜெர்மன் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். யூன் மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டோம்.

வியன்னாவை வழியில் வைத்தது சும்மா அல்ல. கோச்சி முதலில் குதிரை வண்டியின் பெயர். குதிரை வண்டி இன்னமும் தெருவில் தொழில் செய்கிற நகரம் அது. அதைவிட, பெயர் கேட்டால் பெயருக்குக் கதை சொல்லக்கூடிய வண்டிக்காரர் இருக்கிற நகரம்.

புனித ஸ்டீபன் பேராலயத்தின் வடக்குப் பக்கச் சுவரோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்தன. குதிரைச் சாணம், வியர்வை பட்ட தோல் வார், வைக்கோல் மூன்றும் கலந்த மணம். அம்மம்மா வீட்டு மாட்டுக் கொட்டில் அந்தக் கல் பதித்த சதுக்கத்தில் திடீரென்று திறந்துகொண்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு குதிரை. காதுகளுக்கு நூலால் பின்னிய உறை போட்டிருந்தார்கள். ஈயும் இரைச்சலும் அண்டாமல் இருப்பதற்காம். ஒரு குதிரை முன்னங்காலை மாற்றி வைக்க, லாடம் கல்லில் பட்டு 'டக்' என்றது. அடுத்த குதிரை கேட்டும் கேளாதது போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

முதல் வண்டிக்காரி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கறுப்பு வட்டத் தொப்பி, இடுப்புக்கு மேல் கச்சிதமான கறுப்புச் சட்டை. ஒரு பழைய துணியால் வாரின் பித்தளைக் கொழுவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியின் பெயரைக் கேட்கச் சொன்னேன். பெறாமகள் கேட்டாள். அவர் ஒரு சொல்லில் முடிப்பார் என்று நினைத்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"பெரியப்பா, ஃபியாக்கர் எண்டால் வண்டியும்தானாம், ஓட்டுற ஆளும்தானாம். 'நான் ஒரு ஃபியாக்கர்' எண்டு சொல்லுறா."

தெருவில் நின்று "ஓட்டோ!" என்று கூப்பிட்டால் வண்டி மட்டுமா திரும்புகிறது, ஓட்டுகிறவரும்தானே திரும்புகிறார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வண்டி, குதிரைகள், வார்கள் எல்லாம் பூட்டித் தயாராக நிற்கும்போது அந்த முழுமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சொய்கல்'. சாமான், தளபாடம் என்ற பொருளுள்ள சொல்லைச் செல்லமாகச் சுருக்கியது. குதிரை அவிழ்த்த வண்டி சொய்கல் ஆகாது. வண்டி இல்லாத குதிரையும் ஆகாது. எங்கள் பக்கத்தில் 'வண்டில் கட்டியாச்சோ?' என்று கேட்பார்கள். மாடு, நுகம், துலா, கயிறு எல்லாம் அந்தக் 'கட்டியாச்சு'க்குள் அடங்கிவிடும். அந்த வினையை இந்த ஊர்க்காரர் பெயராக்கி வைத்திருக்கிறார்கள்.

ஃபியாக்கர் என்ற பெயர் வந்த வழி இன்னும் நீளம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் நிக்கோலா சோவாஜ் என்பவர் வண்டிகளை வாடகைக்கு விட்டார். அவருடைய வண்டிகள் நின்ற இடம் புனித ஃபியாக்கர் பெயரைக் கொண்ட ஒரு விடுதி. சனங்கள் வாடகை வண்டிக்கே ஃபியாக்கர் என்று பெயரிட்டுவிட்டார்கள். அந்தப் புனிதரோ அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போன ஒரு துறவி. தோட்டக்காரருடைய காவலர். வண்டிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அயர்லாந்துத் துறவியின் பெயர் பாரிஸ் விடுதியின் பலகையில் ஏறி, பலகையிலிருந்து வண்டிக்குத் தாவி, வண்டியோடு வியன்னாவுக்கு வந்துவிட்டது. வியன்னாவில் வாடகை வண்டிக்கு முதல் உரிமம் 1693இல் பேரரசர் முதலாம் லியோபோல்ட் காலத்தில் கொடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஃபியாக்கர்கள் இந்த நகரத்தில் ஓடின. இன்றைக்கு உல்லாசப் பயணிகளுக்காக ஓடுவது அதில் சிறு பங்கு.

வண்டியில் ஏறுவதற்கு முன் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். தானும் குந்தியிருந்து விரலால் காட்டினார். உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டியிருந்தது. வெளித் தகடு நீளம், அடுத்தது கொஞ்சம் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. அப்படி வளைத்த ஒரு கட்டை நிமிர்த்தியும் மற்றதைக் கவிழ்த்தும் வைத்து நுனிகளைப் பொருத்தினால் கண் வடிவம் வரும். சில்லு கல்லில் ஏறும்போது அந்தக் கண் சுருங்குகிறது, இறங்கும்போது விரிகிறது. இருக்கைக்கு வந்து சேரும் அடி தாலாட்டாகிவிடுகிறது. இந்த வகை அமைப்புக்கு லண்டனில் ஒபடையா எலியட் என்ற வண்டி செய்பவர் 1804இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய நல்ல வண்டிகளில் பெட்டியைத் தடித்த தோல் வார்களில் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்த உருக்குத் தகடுகளைப் பார்த்தவுடன் தமிழ்நாட்டில் கேட்ட 'வில்வண்டி' நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை உண்டாக்கிய மனிதர் யாரோ, ஒரு நாள் இப்படித்தான் குனிந்து பார்த்திருப்பார். வளைந்த உருக்கு அவருக்கு வில்லாகத் தெரிந்தது. இராமன் கை வில்லையும் சில்லுக்கு மேலே கிடந்த உருக்கையும் ஒரே சொல்லால் அழைக்க அவருக்குத் தயக்கம் வரவில்லை. பக்கத்தில் ஓடிய ஜட்காவுக்குப் பெயர் வந்ததோ சட்டெனப் போவது, வெட்டி இழுப்பது என்ற பொருள் கொண்ட இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து. கல்யாண ஊர்வலத்தில் வரும் 'சாரட்' இங்கிலீசுக்காரரின் 'சாரியட்'. எங்கள் யாழ்ப்பாணத்திலோ குதிரை குறைவு. ஒற்றை மாடு பூட்டிய திருக்கல் வண்டிலில்தான் அம்மம்மா கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போய்வந்தவ. பெயர்கள் இப்படித்தான் வந்திருக்கின்றன: சிலது பார்த்த கண்ணிலிருந்து, சிலது குலுங்கிய உடம்பிலிருந்து, சிலது எங்களை ஆண்டவர்களின் நாவிலிருந்து.

வண்டி நகர்ந்தது. இரண்டு குதிரைகளின் எட்டுக் குளம்புகளும் முதலில் தாறுமாறாகத் தட்டின. ஒரு தெரு கடந்ததும் ஓர் ஒழுங்குக்கு வந்தன. அதற்குப் பிறகு தவில்காரர் கைக்குக் காது பழகிய மாதிரி எனக்கும் பழகிவிட்டது. எங்கள் வண்டியின் கூரை நடுவில் பிரிந்து முன்னுக்கும் பின்னுக்கும் மடியும் வகை. அதற்கு 'லாண்டவர்'. ஜெர்மனியின் லாண்டவ் என்ற ஊரின் பெயர். இன்னொரு வகைக்கு 'பெர்லின்', அந்த நகரத்தின் பெயரேதான். மனிதர் பெயரில் ஓடியவையும் உண்டு. ப்ரூஅம் பிரபு 1838இல் தனக்கென்று செய்வித்த அடக்கமான மூடு வண்டி அவருடைய பெயரையே வாங்கிக்கொண்டது. லண்டன் தெருக்களில் ஓடிய 'ஹன்ஸம்' 1834இல் காப்புரிமை பெற்ற ஜோசப் ஹன்ஸம் என்ற கட்டடக் கலைஞரின் பெயர். மும்பையில் அண்மைக் காலம்வரை ஓடிய 'விக்டோரியா'வுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சவாரி முடிந்து இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. குதிரைகளுக்கு இது பெரிய வருத்தம் இல்லையா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. கோபமல்ல, பல தடவை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் களைப்பு. வெப்பம் 35 பாகையைத் தொட்டால் வண்டிகள் கொட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. அந்த விடுமுறைக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஹிட்ஸஃப்ரை'.

"பெரியப்பா, இது பள்ளிக்கூடச் சொல்! வெயில் கூடினால் பிள்ளையளை வெள்ளன வீட்டை விடுவினம், அதுக்குச் சொல்லுறது" என்று பெறாமகள் வியந்தாள்.

பிள்ளைகளுக்கு வைத்த சொல்லைக் குதிரைகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். குதிரை வண்டிகளை நகரத்தை விட்டே எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்களும் அங்கே பலர். சூடேறிய தார் ரோட்டில் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே அந்தப் பிராணிகள் நிற்பதைப் பார்த்த பிறகு அவர்கள் பக்கம் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பெண் குதிரையின் நெற்றியில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்ததையும் பார்த்தேன். மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து 'ஐன்ஷ்பென்னர்' கொண்டுவரச் சொன்னோம். ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டிக்கு அந்தப் பெயர். கண்ணாடிக் குவளையில் கடுங்காப்பி, மேலே தடிப்பாக அடித்த கிரீம். ஒரு கையில் கடிவாளம், மற்றக் கையில் குவளை. கிரீம் மூடியாக இருந்து காப்பியைச் சூடு ஆறாமல் காக்கும் என்று வண்டிக்காரருக்காக உண்டானது என்பார்கள். ஒற்றைக் குதிரை வண்டி தெருவிலிருந்து போய்விட்டது. பெயர் குவளைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் ஷேன்ப்ருன் அரண்மனை வளவுக்குள் இருக்கும் 'வாகன்பூர்க்' என்ற வண்டி நூதனசாலைக்குப் போனோம். ஹப்ஸ்பேர்க் அரச குடும்பத்தின் வண்டிகள் அங்கே நிற்கின்றன. நடுநாயகமாக நிற்பது பேரரசரின் பொன்முலாம் பூசிய வண்டி. கிட்டத்தட்ட 4 தொன் நிறை. எட்டு வெள்ளைக் குதிரைகள் பூட்டி, நடையை விட வேகமாகப் போகாமல் இழுத்த வண்டி. அதைப் பார்த்ததும் எங்கள் கோயில் தேர்தான் மனதுக்கு வந்தது. வேகம் அதன் நோக்கமல்ல. தெருவில் நிற்கிற சனத்துக்குத் தரிசனம் கொடுப்பது நோக்கம். சிற்பமும் ஓவியமும் நிறைந்த அந்தப் பெட்டியும் தோல் வாரில்தான் தொங்குகிறது.

அதற்கு எதிர்மாறாகக் கறுப்பே உருவான ஒரு வண்டி, அரச குடும்பத்தின் சவ வண்டி. 1916இல் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பை ஏற்றிய அது, கடைசிப் பேரரசி சீட்டாவின் இறுதி ஊர்வலத்துக்காக 1989இல் மறுபடியும் வியன்னாத் தெருவில் இறங்கியது. தொலைக்காட்சிக் கமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கக் குதிரைகள் இழுத்துப் போயின.

நான் அதிக நேரம் நின்றது ஒரு குழந்தை வண்டியின் முன். நெப்போலியன் மகனுக்காகச் செய்தது. இரண்டு செம்மறியாடுகளைப் பழக்கி இதில் பூட்டினார்களாம். அதன் வகைக்குப் பெயர் 'ஃபேட்டன்'. கிரேக்கக் கதையில் சூரியனின் மகன் ஃபேட்டன், தகப்பனின் தேரை ஒரு நாள் தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். குதிரைகள் அவன் கைக்கு அடங்கவில்லை. உலகம் எரியத் தொடங்கியது, அவனும் விழுந்து இறந்தான். வண்டிக்காரர் இல்லாமல் சொந்தக்காரரே ஓட்டும் வேக வண்டிக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் சூரியன் தேருக்கோ ஏழு குதிரைகளும் அருணன் என்ற சாரதியும் உண்டு. சாரதி இருக்கிற தேர் ஒருநாளும் தடம் புரளவில்லை.

சாரதி என்றதும் இன்னொன்று பிடிபட்டது. இலங்கையில் என் கைப்பையில் கிடக்கும் அட்டையின் தமிழ்ப் பெயர் 'சாரதி அனுமதிப்பத்திரம்'. பஸ் ஓட்டுகிறவரும் சாரதி, ஓட்டோ ஓட்டுகிறவரும் சாரதி. பார்த்தனுக்குத் தேர் ஓட்டிய கண்ணனின் பதவி அது. 'புகையிரதம்' என்று பலகையில் எழுதினவர் புகை விடும் இரதம் என்றுதான் எழுதினார். அரசாங்கச் சொல் இரதம், அம்மம்மாவின் சொல் கோச்சி. இரண்டிலும் குதிரை பூட்டியிருக்கிறது. இத்தனை வருடமும் எனக்கு அது தெரியாமல் போனது.

அந்தக் கண்ணோடு வெளியே வந்தால் வியன்னாவின் தெரு முழுக்கப் பழைய வண்டிகள் ஓடின. 'பஸ்' வந்து நின்றது. 1826இல் பிரான்சின் நான்த் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் விட்ட பொதுக் குதிரை வண்டிக்கு 'ஒம்னிபஸ்' என்று பெயர். 'எல்லாருக்குமானது' என்று பொருள்படும் லத்தீன் சொல். அதன் வால் மட்டும் மிஞ்சி நம்முடைய பஸ் ஆனது. சென்னையில் 'கேப் புக் பண்ணியாச்சா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேப் 'கப்ரியோலே' என்ற துள்ளி ஓடும் இரண்டு சில்லு வண்டியின் சுருக்கம். அடியில் கிடப்பது ஆட்டுக்குட்டியின் துள்ளல். காரின் 'டாஷ்போர்டு' அந்தக் காலத்தில் குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு மேலே தெறிக்காமல் வண்டியின் முன்னால் நிறுத்திய பலகை. இயந்திரத்தின் பலத்தை இன்றும் குதிரைத்திறன் என்றுதான் அளக்கிறோம்.

மூன்றாம் நாள் காலையில் வியன்னாவிலிருந்து கிழக்கே புறப்பட்டோம். பயணச்சீட்டை ஹங்கேரி ரயில்வேயின் இணையத்தளத்தில் பெறாமகள் முதலே வாங்கி அச்சிட்டு வைத்திருந்தாள். மேடையில் நின்று எந்தப் பெட்டி என்று பார்க்கச் சீட்டைக் கையில் வாங்கினேன். இருக்கை இலக்கத்துக்குப் பக்கத்தில் பெட்டி இலக்கம். அதற்கு மேல் ஒரு சின்னச் சொல்.

கொச்சி.

எழுத்து லத்தீன் எழுத்துத்தான். ஹங்கேரியர் அதை வாசிக்கும் ஒலி ஏறக்குறைய அப்படியே கொச்சி. எங்கள் ஊரில் முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டுவோம், அவர்கள் குறுக்குகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். வியன்னா ரயில் நிலையத்தின் அவசரத்தில், ஹங்கேரி ரயில்வே அச்சிட்ட காகிதத்தில், அம்மம்மாவின் வாய்ச்சொல் எனக்குக் கிடைத்தது. கண் கலங்கியதைப் பெறாமகள் பார்த்துவிட்டாள். "என்ன பெரியப்பா?" என்றாள். சீட்டைக் காட்டினேன். வாசித்தாள். அவள் வளர்ந்த வீட்டில் ரயிலுக்கு ட்ரெயின் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் 'சூக்'. அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்லிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜியோர் என்ற நகரத்தில் இறங்கி, ஊருக்கு ஊர் நிற்கும் ரயிலுக்கு மாறினோம். டாட்டா என்ற ஏரிக்கரை ஊரில் அதையும் விட்டு பஸ் ஏறினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். இருபுறமும் சோளம், சூரியகாந்தி. தட்டை நிலம். வானம் எங்கள் வன்னிப் பெருவெளியில் மாதிரி எல்லாப் பக்கமும் இறங்கித் தரையைத் தொட்டது. பஸ் நின்ற இடத்தில் ஊரின் பெயர்ப் பலகை: கொச்.

இரண்டாயிரத்துச் சொச்சம் சனம் வாழும் கிராமம். நேரான தெரு, முகட்டின் பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி நிற்கும் தாழ்ந்த வீடுகள், ஒரு தேவாலயம். வியன்னாவுக்கும் புடாவுக்கும் இடையிலான பழைய பாதை இந்தப் பக்கத்தால் போனது. 15ஆம் நூற்றாண்டில், மத்தியாஸ் மன்னர் ஆண்ட காலத்தில், இந்த ஊர்த் தச்சர்கள் ஒரு வண்டி செய்தார்கள். மற்ற வண்டிகளை விட இலேசானது, வேகமானது. முன் சில்லுகள் சிறியவை, பின் சில்லுகள் பெரியவை. பிரபுக்களும் தூதர்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் மொழியில் ஊர்ப் பெயரோடு 'இ' சேர்த்தால் 'அந்த ஊருடைய' என்று அர்த்தம். கொச்சூருடைய வண்டி, 'கொச்சி செகேர்'. போகப் போக 'செகேர்' உதிர்ந்து 'கொச்சி' மட்டும் நின்றது.

இது எங்களுக்குப் புதிய வழக்கமல்ல. யாழ்ப்பாணத்து மாம்பழத்தில் அரசன் கறுத்தக்கொழும்பான். கொழும்பின் பெயரோடு ஒரு விகுதி சேர்ந்து நிற்கிறது. மாம்பழம் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. "நாலு கறுத்தக்கொழும்பான் தா" என்றால் போதும்.

கொச்சியும் அப்படித்தான் ஊரை விட்டுப் புறப்பட்டது. ஜெர்மன்காரர் 'குட்ஷ' என்றார்கள். ஒல்லாந்தர் 'கூட்ஸ்' என்றார்கள். இத்தாலியர் 'கொக்கியோ' என்றார்கள். ஸ்பானியர் 'கொச்சே' என்றார்கள், இன்றைக்குக் காருக்கும் அதையே சொல்கிறார்கள். இங்கிலீசுக்காரர் 'கோச்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் பரீட்சையைக் கடக்கத் தங்களை ஏற்றிக்கொண்டு போகும் ஆசிரியருக்கு வேடிக்கையாகக் கோச் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கிரிக்கெட் கோச்சும் தெருவுக்குத் தெரு இருக்கும் கோச்சிங் சென்டரும் அந்த வண்டியில் ஏறி வந்தவைதான். குதிரையை அவிழ்த்துவிட்டுத் தண்டவாளத்தில் பெட்டிகளை ஓட்டத் தொடங்கியபோது பெட்டி செய்யக் கூப்பிட்டது குதிரை வண்டி செய்தவர்களையே. அதனால் முதல் ரயில் பெட்டிகள் மூன்று குதிரை வண்டிகளை ஒட்டவைத்தது போல் இருந்தன, பெயரும் கோச் என்றே நின்றது. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயரிலும் அந்தக் கோச் இருக்கிறது.

இலங்கையில் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரை பூட்டிய தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. 1860களில் ரயில் வந்தது. சிங்களவர் அதைக் 'கோச்சிய' என்றார்கள், நாங்கள் கோச்சி என்றோம். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கான தண்டவாளம் 1905இல் முழுமையானது. 'கோச்' என்று இங்கிலீசில் முடிந்துபோன சொல்லுக்கு எங்கள் நா தன் இயல்பில் ஓர் 'இ' சேர்த்தது. ஹங்கேரியர் முதலில் வைத்ததும் 'இ'தான். வழியில் ஐரோப்பா உதிர்த்துவிட்டதை, ஒன்றும் தெரியாமலே, எங்கள் ஆட்கள் திருப்பி ஒட்டிவிட்டார்கள். அங்கே அது ஊரைச் சுட்டிய விகுதி, இங்கே சொல்லை முடித்துவைக்கும் ஓசை. தற்செயல்தான். ஆனாலும் அந்தக் கிராமத்துத் தெருவில் நின்று அதை நினைத்தபோது தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

தேவாலயத்துக்குப் பக்கத்து மர நிழலில் ஒரு பாட்டி, பேரக் குழந்தையை வண்டியில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். பெறாமகளின் ஜெர்மன் அவருக்குப் புரியவில்லை. எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு சொல். சுற்றிலும் கை காட்டி "கொச்சி?" என்றேன். தச்சர்கள் செய்த அந்தப் பழைய வண்டியை நினைத்துத்தான் கேட்டேன். அவர் வீட்டு வாசலில் நின்ற காரைக் காட்டி "கொச்சி" என்றார். நான் தலையாட்டிவிட்டு, கடிவாளம் பிடிப்பது போலக் கையை வைத்து நாக்கைத் தட்டிக் குளம்போசை எழுப்பினேன். பாட்டி சிரித்தார். காற்றில் கையை வீசிக் காட்டினார். 'அது எப்போதோ' என்று எடுத்துக்கொண்டேன். பிறகு குனிந்து, குழந்தை படுத்திருந்த வண்டியின் கைபிடியைத் தட்டி, "பாபகொச்சி" என்றார். குழந்தை கண்ணை உருட்டி எங்களைப் பார்த்தது. அதன் கொச்சிக்கு நாலு சில்லு. முன்னது சிறியது, பின்னது பெரியது.

திரும்பும் ரயிலில் ஊர் நினைவு விடவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. யுத்தம் நீள நீளத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. கல் மேடையும் நிலையத்தின் சுவரும் மட்டும் மிஞ்சின. அந்த வருடங்களில் பிறந்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரயிலையே கண்டதில்லை. ஆனால் வழி கேட்டால், "கோச்சிப் பாதையால போய் இடப்பக்கம் திரும்புங்கோ" என்று சொன்னார்கள். பற்றை வளர்ந்த ஒரு மேட்டைக் காட்டித்தான் சொன்னார்கள். அம்மம்மாவும் அப்படித்தான். விடியப்புறம் கூவல் இல்லாமலே எழும்பி, "இப்ப கோச்சி வாற நேரம்" என்பா. மீண்டும் அது வந்ததைக் காண அவ இருக்கவில்லை.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காங்கேசன்துறைவரை ஓடியது. புதிய பெட்டி, புதிய தண்டவாளம், மேடைக்குப் புதிய சீமெந்து. பெயர் மட்டும் எங்கும் போகாமல் ஊரிலேயே இருந்தது. முதல் நாள் வேலியோரம் ஓடி வந்த பிள்ளைகள் தாங்கள் முன்பின் கண்டிராத ஒன்றைப் பார்த்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், "கோச்சி! கோச்சி!" என்று கத்தினார்கள்.

அந்தச் சீட்டை நான் வீசவில்லை. அம்மம்மாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.